புல்லறுக்க வந்தவள்

சோலைச்சாமி ஸ்டுடியோவுக்குள் வந்தபோது, வினோலியா ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருக்களைக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வாக்காளர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இதுல எம் பொண்டாட்டி மூஞ்சி சரியா விளங்கல. போன வருசம் ஆயுத பூசைக்குக் கம்பெனியில வந்து போட்டோ எடுத்தீகள்ல? அதுல நல்லா நின்னிருப்பா. அதைப் பெருசாப் போட்டுத் தாங்க. மாலை போடணும்."

"எந்தக் கம்பெனிண்ணே?"

"புதுப்பட்டி ரோட்டுல, பத்து நாளைக்கு முந்தி வெடிச்சுச்சே பட்டாசுக் கம்பெனி. அதான்."

வினோலியாவின் விரல் மவுஸிலேயே நின்றுவிட்டது.

அட்டையில் இருளம்மாள் என்று பெயர் இருந்தது. முகம் இருந்த இடத்தில் மைக்கறை மாதிரி ஒன்று இருந்தது.

அந்தப் பூஜைப் படத்தை வினோலியா நன்றாகவே அறிவாள். போன திங்கட்கிழமைதான் அந்தக் கம்பெனி ஃபோர்மேன் மொக்கைச்சாமி வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதைத் திறக்கச் சொன்னார். ஒரு ஷெட்டின் வாசலில் வாழைக்கன்று கட்டி, நான்கு பெண்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்கும் படம். அவர்களுக்குப் பின்னால், ஷெட்டுக்குள்ளும் ஆட்கள் தெரிந்தார்கள். "உள்ள மட்டும் கொஞ்சம் இருட்டாக்கும்மா. மொதலாளி ஆல்பத்துல வைக்கணுங்காரு. முன்னால நிக்கிறவுகதான் பளிச்சுனு தெரியணும்" என்றார்.

அவள் ஆக்கினாள். படம் முழுவதையும் இருட்டாக்குவது யாராலும் முடியும். வேண்டிய இடத்தை மட்டும் தொட்டு, பக்கத்து இடம் கெடாமல் பிரஷ் ஓட்டுவதுதான் வேலை. விளிம்பு மெத்தென்று இருக்கிற பிரஷ்ஷை எடுத்து, முன்னால் நின்ற நான்கு பெண்களின் ஒரு முடிகூட மங்காமல், கதவு நிலையின் மரம் மரமாகவே இருக்க, உள்ளே மட்டும் கருப்பைப் பூசிப் பூசி இறக்கினாள். சிவகாசியில் அப்படிச் செய்ய அவளைவிட்டால் ஆளில்லை என்று அவளுக்கே ஒரு எண்ணம் உண்டு. மொக்கைச்சாமியும் அதையே சொன்னார். வெடிவிபத்து நடந்து மூன்று நாள் ஆன கம்பெனிக்கு இப்போது எதற்கு ஆல்பம் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. தோன்றியது, கேட்கவில்லை.

இப்போது அந்தப் படத்தைத் திறந்தாள். சோலைச்சாமி குனிந்து பார்த்தார்.

"இந்தா, இங்கனதான நின்னா? ஒரே இருட்டாக் கெடக்கு."

பிரஷ் வேலையை அவள் தனி லேயரில்தான் செய்திருந்தாள். அதை அணைத்தால் கீழே உள்ள படம் அப்படியே இருக்கும். அணைத்தாள். இரண்டு தோள்களுக்கு நடுவே ஒரு முகம் வெளிச்சத்துக்கு வந்தது. மூக்குத்தி போட்ட, சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம்.

சோலைச்சாமி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "அவதான்" என்றார். தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வினோலியா அந்த முகத்தைப் பெரிதாக்கி, சிறிய பிரஷ்ஷால் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தாள். மார்புக்கு நேரே இருந்த வலது கை, பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பொடி ஏறி வெள்ளி மாதிரி மினுங்கியது. பழக்க தோஷத்தில் அதைத் தோல் நிறத்துக்குக் கொண்டுவரப் போனாள்.

"கையைத் தொடாதீக!" சோலைச்சாமி போட்ட சத்தத்தில் அவள் திடுக்கிட்டாள். "அவ அங்கன வேலை பார்த்தான்னு சொல்ல அந்தக் கைதான் இருக்கு. நாலு பேர் இருக்க வேண்டிய ரூமுல ஆறு பேரை உக்காத்தி வச்சிருந்தானுக. விசாரணைன்னு வந்ததும் இன்னிக்கு என்னா சொல்லுதானுக தெரியுமா? அவ எங்க ஆளே இல்லையாம். பொழுதோட வேலிக்கு அந்தப் பக்கம் புல்லறுக்க வந்தவளாம். வெடிச்ச சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க ஓடியாந்து செத்துட்டாளாம். எங்க வீட்டுல ஒரு ஆட்டுக்குட்டி கெடையாது தங்கச்சி. யாருக்குப் புல்லறுப்பா?"

வினோலியாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. முதலாளி ஆல்பம்! பக்கத்தில் உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று ஒரு செத்த பொம்பளையை இருட்டுக்குள் தள்ள வைத்திருக்கிறான். அவள் தள்ளியிருக்கிறாள். 'சூப்பரும்மா' என்று அவன் சொன்னதற்குச் சிரித்தும் இருக்கிறாள்.

முகத்துக்குக் கொடுத்த வெளிச்சத்தையும் எடுத்துவிட்டாள். கேமராவிலிருந்து வந்த படத்தை, பிரஷ் படாமல், அப்படியே பிரிண்ட் போட்டாள். ஒரு சிடியும் எழுதினாள்.

அதற்குள் ஸ்டுடியோக்காரர் லட்சுமிகாந்தம் வந்துவிட்டார். பிரிண்டைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறியது. அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"கூறு கீறு இருக்கா ஒனக்கு? பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுற லேபிள் படம் மொதக்கொண்டு அவுக ஆர்டர்தான். அதை வச்சுத்தான் இந்தக் கடை ஓடுது."

"அந்தப் பொம்பளை செத்துப்போச்சு அண்ணாச்சி."

"செத்ததுக்கு நாம என்ன செய்ய? அந்த ஆளை அனுப்பு. பிரிண்டைக் கிழிச்சுப் போடு."

"எதுக்காகன்னு தெரிஞ்சுதான் அன்னிக்கு ஃபோர்மேனை எங்கிட்ட அனுப்பினீகளா?"

அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமாயிருந்தது. வினோலியா வெளியே வந்து பிரிண்டையும் சிடியையும் சோலைச்சாமி கையில் கொடுத்தாள்.

"விசாரணை என்னிக்குண்ணே?"

"வெள்ளிக்கிழமை. தாலுகா ஆபீஸ்ல."

"நானும் வாரேன்."

"போனா இந்தப் பக்கம் திரும்பி வராத" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. வினோலியா தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் மின்விசிறி சுற்றியும் புழுங்கியது. மொக்கைச்சாமி சலவைச் சட்டையில் வந்து, இருட்டாக்கிய படத்தை அதிகாரியின் மேசையில் வைத்தார். "பாருங்க சார். நாலு பேருக்குத்தான் அனுமதி, நாலே பேருதான். போன வருசத்துப் படமே சாட்சி."

சோலைச்சாமி தன் கையிலிருந்த படத்தை அதன் பக்கத்தில் வைத்தார். அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எது நிஜம்?"

"இவுக கொண்டாந்ததுதான் பொய் சார்" என்றார் மொக்கைச்சாமி, கொஞ்சமும் கூசாமல். "கம்ப்யூட்டர்ல யாரை வேணும்னாலும் கொண்டாந்து ஒட்டிரலாம். இந்தப் பொண்ணு அதுல கெட்டிக்காரி. ஊருக்கே தெரியும்."

வினோலியா மேசையருகே வந்தாள். "நான் ஒட்டல சார். மறைச்சேன். இந்த ஆளு சொல்லி, நான்தான் இருட்டாக்கினேன்" என்றாள். அறையில் எல்லோரும் திரும்பினார்கள். சோலைச்சாமியும் திரும்பினார்.

"அதுக்கு என்னம்மா ஆதாரம்?"

சிடியைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தவள், மேசையில் கிடந்த தன் வேலையைப் பார்த்தாள். கோபத்தில் பார்த்ததாலோ என்னவோ, செய்தபோது கண்ணில் படாதது இப்போது பட்டது. குனிந்து விரலை வைத்தாள்.

"இதை எண்ணுங்க சார். முன்னால நாலு பேரு. நாலு பேரும் கும்பிட்டு நிக்காக. எட்டுக் கையும் அங்கன இருக்கு. அப்ப இது யாரு கை?"

கதவு நிலையின் ஓரத்தில் நான்கு விரல்கள் பற்றியிருந்தன. வெள்ளியாய் மினுங்கும் விரல்கள். மரம் கெடக்கூடாது என்று அவள் விளிம்பைப் பிரஷ் படாமல் விட்டபோது அவையும் தப்பியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஆளில்லை, வெறும் இருட்டு. பக்கத்துப் படத்தில் அதே விரல்களுக்கு இருளம்மாளின் இடது கையும், தோளும், முகமும் இருந்தன.

அதிகாரி வெகுநேரம் பார்த்தார். மொக்கைச்சாமி கைக்குட்டையைத் தேடினார்.

"புல்லறுக்க வந்தவளுக்கு எதுக்குய்யா கையெல்லாம் அலுமினியப் பொடி?" வினோலியா கத்தினாள். "ஆயுத பூசையன்னிக்கே இருந்திருக்கே! ஒரு வருசமாவா புல்லறுத்தா?"

"சத்தம் போடாதம்மா" என்ற அதிகாரி, சிடியை வாங்கி உறையிலிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு படங்களையும் கோப்பில் சேர்க்கச் சொன்னார். ஃபோர்மேனைப் பார்த்து, "நீங்க இருங்க" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் சோலைச்சாமி நின்றிருந்தார். வினோலியா பக்கத்தில் போனாள்.

"அந்த இருட்டைப் பூசினது நீங்கதானா?"

"ஆமாண்ணே. எதுக்குன்னு தெரியாம..."

"தெரியாமயா?" அவர் குரல் உடைந்தது. "அன்னிக்கு உங்க முன்னால நின்னு அழுதேனே. அப்பக்கூட வாயத் தெறக்கலையே நீங்க. தெரியலைன்னா கேக்கத் தெரியாதா? உங்களுக்குப் படிப்பு இல்லையா? அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதான அழிச்சீக?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு புதுப்பட்டி பஸ்ஸுக்கு நடந்தார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஆவணி கடைசியில் வந்த அறிக்கையில் செத்த தொழிலாளர்களில் நாலாவதாக இருளம்மாள் பெயர் இருந்தது. மொக்கைச்சாமியை அதே முதலாளியின் வேறொரு கம்பெனிக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். வெடித்த ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, தீபாவளி சீசனுக்குள் திறந்தும்விட்டார்கள்.

சிவகாசியில் எந்த ஸ்டுடியோவும் வினோலியாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. விருதுநகரில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. முதல் நாளே ஒருவர் இடத்தகராறுப் படம் ஒன்றைக் கொண்டுவந்து, "இந்த ஓரத்துச் சுவரை மட்டும் லேசா இருட்டாக்கணும்" என்றார்.

"எதுக்கு?" என்றாள் வினோலியா.

"அது எதுக்கும்மா உனக்கு?"

"எதுக்குன்னு சொல்லுங்க. இல்லன்னா படத்தை எடுத்துட்டுக் கிளம்புங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.