புரட்டாசியில் பட்டினி கிடந்த வாய்க்கால்

1

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. கொட்டாவி என்னுடையது. 1967இல், துவாக்குடிப் பக்கம், கோழி உரித்து ஓட்டல்களுக்கு அனுப்பும் கொட்டகையில் கழிவுநீர் வாய்க்கால் திறப்புவிழா. என்ஜினீயர் அடைக்கலராஜ் முக்கால் மணி நேரம் பேசினார். "நுண்ணுயிர்களின் சீரான போஷாக்கே இத்திட்டத்தின் ஆதார சுருதி" என்றார். எல்லோரும் கைதட்டினோம். எவருக்கும் புரியவில்லை என்பதற்கு வேறு ருசு வேண்டுமா?

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

காவிரியின் தென்கரையில் செங்கதிரோன் — (வேண்டாம். கதை சாக்கடையைப் பற்றியது.)

கோடானுகோடி சிற்றுயிர்கள் மானுடத்துக்குத் தொண்டு — (இதுவும் மேடையேறிவிட்டது.)

சரி, நேராகவே சொல்கிறேன். வட்டமாக ஒரு வாய்க்கால். மோட்டார் சக்கரம் ஒன்று தண்ணீரை அடித்து அதில் காற்றைக் கலக்கும். வண்டலில் இருக்கும் கிருமிகள் இரத்தத்தையும் கொழுப்பையும் தின்றுவிடும். தண்ணீர் நாறாமல் வெளியே போகும். நாறினால் கொட்டகையைப் பூட்டிவிடுவதாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். பூட்டினால், அங்கே இறகு பிடுங்கும் பாப்பாயிக்கு அந்த வட்டாரத்தில் வேறு வேலை கிடையாது.

3

முதலாளி நல்லுசாமி ஸ்ரீரங்கத்துக்காரர். புரட்டாசி பிறந்ததும் நாமம் போட்டுக்கொண்டு அறுப்பை நிறுத்தினார். [அவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஊரே கறி தின்னாத மாதத்தில் கோழியை யாருக்கு உரிப்பது? வில்லன் பதவி காலி.] சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் அடைக்கலராஜ் வந்து பார்த்தார். வண்டல் வெளிறிக் கரைந்துபோயிருந்தது.

"என்னங்க, பட்டினி போட்டுட்டீங்களே! பாதிக்கு மேல செத்துப்போச்சு. தீபாவளிக்கு ஐந்நூறு கோழி விழுந்தா இது தாங்காது, நாறிடும். அன்னைக்கே மேடையில சொன்னேனே!"

"ஏதோ சுருதின்னீங்க. பசிக்கும்னு சொல்லலியே" என்றார் நல்லுசாமி.

"ரெண்டு கோழி அறுத்து விட்டா என்னங்க?"

"பெருமாளே! கடைசிச் சனிக்கிழமை பாக்கியிருக்கு!"

பாப்பாயி குறுக்கே புகுந்தாள். "விரதம் நீங்க இருந்தா மோட்சம் உங்களுக்கு. இதுக்கு எந்த வைகுண்டத்துல எடம் போட்டு வெச்சிருக்கு? வேற என்ன தின்னும், அதைச் சொல்லுங்க சார்."

"கஞ்சித் தண்ணி ஊத்தலாம். தேறுமான்னு சொல்ல முடியாது."

அன்று முதல் அவள் ஓட்டல் ஓட்டலாகப் போய்க் கஞ்சித் தண்ணீர் சுமந்தாள். கோயில் மடப்பள்ளியில் அரிசி களைந்த — (இந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் எனக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள்.*)

* சம்பந்திகள் கதை படிப்பதில்லை. படித்தவர்கள் போய்ச் சொல்லிவிடுவார்கள்.

4

முடிவு அ: நாறவில்லை. அடைக்கலராஜ் இன்னொரு சொற்பொழிவு ஆற்றுவார். அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

முடிவு ஆ: நாறுகிறது. பூட்டு விழுகிறது. நல்லுசாமிக்கு நெல் மண்டி உண்டு, என்ஜினீயருக்குச் சம்பளம் உண்டு. பாப்பாயிக்கு —

தீபாவளிக்கு முந்தின நாள். சிவந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கிச் சுற்றுகிறது. இன்ஸ்பெக்டர் கரையில் வந்து நிற்கிறார். பாப்பாயி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள்.

"எழுதுறவரே, சும்மா முழிக்காதீங்க. நாறுதா, இல்லையா? நான் நாளன்னைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?"

எழுதுகிறவனுக்கு மூக்கும் இருக்கும் என்று யார் சொன்னது? வாசகரே, நீங்கள் இப்படி வாருங்கள். இன்னும் கிட்டே. ம், மூச்சை இழுங்கள். பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள்.