பணயம் வைத்த பெயர்

1

இந்தக் கதை ஒரு சொல்லில் பிறந்தது, கண்ணுகளா. ‘பணயம்’ எங்கிருந்து வந்தது என்று அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பணமும் அதுவும் ஒரே வேராம். அப்படியானால் பணம் வைக்க முடியாதவன் எதை வைப்பான்? கேட்டு முடிக்கவில்லை, கட்டுமாவடிக் கரையில் ஒரு மீன்பிடிக்காரன் வந்து நின்றான். நிஜாம் என்று பெயர் வைத்தேன்.

2

[அன்று கடல் அமைதியாக — வேண்டாம், உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.]

வலைக் கொட்டகையில் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள், அவனும் கூட்டாளி ராக்கனும்.

“என்ன வைக்கிற மாப்ள?”

“காசு வச்சா ஹராம்டா. எம் பேரை வச்சுக்க, போ.”

“ஒம் பேரை வச்சு நான் என்ன, கொழம்பா வைக்க?”

கட்டை உருண்டது. ராக்கன் ஜெயித்தான்.

(துணிதல் என்றால் பழந்தமிழில் அறுபடுதலும்தான். துணிந்தவன் எதிலிருந்தோ அறுபட்டவன்.)

3

மறுநாள் விடியலில் [        ] தனியாகக் கடலுக்குக் கிளம்பினான்.

(அந்த இடத்தில் பெயரைத்தான் எழுதினேன். பேனா நகர்கிறது, மை விழவில்லை.)

“பனி எறங்குது, ரிஸ்க் வேணாங்க,” என்றாள் மனைவி ஆபிதா.

“ரிஸ்க்கு அல்லா குடுக்குறது புள்ள.”

(அவர்கள் வீட்டில் ‘ரிஸ்க்’ அரபுச் சொல்; அல்லா அளக்கும் அன்றாடச் சோறு. ஆங்கில ‘ரிஸ்க்’கும் அதிலிருந்து வந்ததுதான் என்பார் சிலர், இல்லை என்பார் சிலர்.)

பனி மூடிக்கொண்டது. ஆபிதா அடித்துப் பார்த்தாள், அவன் போனை எடுக்கவில்லை. இப்படிப்பட்ட காலையில் பெண்கள் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குரல் வந்த பக்கம் படகு திரும்பும். மற்ற நாளில் புருஷன் பெயரை உச்சரிக்காதவளும் அன்று வாய்விட்டுக் கூப்பிடுவாள். பெயரில்லாத கூப்பாட்டுக்கு மட்டும் யாரும் திரும்பக் கூடாது. அது கரையிலிருந்து வருவதல்ல.

ஆபிதா வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. தாயத்தில் பெயரைத் தோற்றதை அவன் ராத்திரியே சொல்லிச் சிரித்திருந்தான்; கரையில் நின்ற ராக்கனிடம் ஓடினாள்.

“ராக்கண்ணே, அவுக பேரைத் திருப்பிக் குடுங்க!”

“வெளையாட்டுக்குத்தான் தங்கச்சி... அப்பவே திருப்பிக் குடுத்துட்டேன். எங்கிட்ட இல்ல.”

பனிக்குள் துடுப்புச் சத்தம். இங்கிட்டு வந்தது, அங்கிட்டுப் போனது. அப்போது கடல் பக்கமிருந்து யாரோ, “ஏய், வா,” என்றார்கள்.

துடுப்பு நின்றது.

4

முடிவு ஒன்று: வெயில் ஏறுகிறது, பனி கலைகிறது, அவன் சிரித்துக்கொண்டே — [அடித்துவிட்டேன். பொய்.]

முடிவு இரண்டு: ஆபிதா மட்டும்

இல்லை. எழுத மாட்டேன்.

முதல் பகுதியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் பெயர் எழுதிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. என் தாளில்தான் இல்லை; நீங்கள் படித்துவிட்டீர்கள், கண்ணுகளா. உங்களிடம் இருக்கிறது.

துடுப்பு மறுபடி விழுகிறது, அந்தக் குரலைப் பார்த்து. மனசுக்குள் சொன்னால் கேட்காது. ஆபிதா உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.