‘எக்ஸாக்ட்லி’ சொன்ன வெள்ளிக்கிழமை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்த மூன்றாம் மாதம் அவள் ஆங்கில வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். அந்த வாரப் பாடம், ஒருவர் சொல்வதை ஒப்புக்கொள்வது. வெறும் ‘யெஸ்’ போதாதாம். ‘எக்ஸாக்ட்லி’, ‘அப்சல்யூட்லி’ என்று விதவிதமாகச் சொல்ல வேண்டுமாம். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே முணுமுணுத்துப் பார்த்தாள். பக்கத்தில் இஸ்திரி மெஷின் ஓட்டும் அக்கா, “என்னடி, மந்திரம் ஜெபிக்கிறியா?” என்று சிரித்தாள். வேற்று ஊரில் இவளுக்கு வாய்த்த ஒரே சிநேகிதி அவள்தான்.

வியாழக்கிழமை அந்த மெஷினின் மூடி தானாக விழுந்து அக்காவின் விரல்கள் வெந்துவிட்டன. இவள் கண்ணெதிரே நடந்தது. மூடியைத் தாங்கும் கொக்கி தேய்ந்துவிட்டதென்று அக்கா இரண்டு முறை புகார் சொல்லியிருந்தாள்.

மறுநாள் மேனேஜர் இவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கடகடவென்று ஆங்கிலத்தில் பேசினார். பாதிதான் பிடிபட்டது. அவர் பேச்சை நிறுத்தி முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், திருதிருவென்று விழிக்க வெட்கப்பட்டு, “எக்ஸாக்ட்லி” என்றாள். “அப்சல்யூட்லி” என்றாள். அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டாள். பரீட்சையில் தேறிய மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அக்காவின் கணவர் வாசலில் காத்திருந்தார்.

“அவ ஃபோனைப் பாத்துக்கிட்டே கைய விட்டான்னு சொன்னியாமே? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க.”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லண்ணே!”

“கையெழுத்து உன்னோடதுதானே?”

அவள் நேராக மேனேஜரிடம் போய், “பேப்பர் நோ. மெஷின் பேட்” என்றாள். முடிந்த விஷயம் என்பதுபோல் அவர் கையை விரித்தார். அவள் நகரவில்லை. கூடத்திலிருந்த அத்தனை பேரையும் கத்திக் கூப்பிட்டாள். மெஷினில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, மூடியைத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தாள். தடாலென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள்; மறுபடி விழுந்தது. யாரோ அதை வீடியோ எடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, கட்டுப்போட்ட கையோடு அக்கா வேலைக்குத் திரும்பினாள். ஆனால் கோடியிலிருந்த மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“சத்தியமா எனக்கு அவர் பேசினது புரியலக்கா.”

“புரியலன்னு சொல்லியிருக்கலாமே” என்றாள் அக்கா, கோபமே இல்லாமல். ஒரு கையால் தலையணை உறைகளை அடுக்கத் தொடங்கினாள். இவள் உதவிக்குக் கை நீட்டியபோது, உறைக் குவியலை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.