கண்ணுச்சாமி வயலின் சதுரம்

உயர வரைபடத்தை ஒப்படைக்கச் சரியாக ஏழு மணி நேரம் இருந்தது. திரையில் கண்மாய்க் கரையோ வயலைவிட மூன்று மீட்டர் பள்ளத்தில் கிடந்தது.

கோச்சடையில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தின் பொறுப்பாளர் அசோக்குமாருக்கு வியர்த்துக் கொட்டியது. செயற்கைக்கோள் இரண்டு கோணங்களில் எடுத்த படங்களைப் பொருத்தித்தான் மேடுபள்ளம் கணக்கிடுவார்கள். கேமரா பார்த்த திசை மயிரிழை பிசகினாலும் உயரம் உளறும். பிசகைத் திருத்த, இரண்டு படத்திலும் தெரிகிற ஒரே இடங்களில் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். வெறும் வயல்காட்டில் ஒன்பது புள்ளிகள்தான் தேறின. வைத்தது அங்கே வேலை பார்க்கும் திவ்யா என்று கோப்பு சொன்னது. அவள் பிள்ளைக்குக் காதுகுத்த அழகர்கோவில் போயிருந்தாள்.

வந்ததும் அவளை இந்த வேலையிலிருந்தே தூக்கிவிடப் போவதாக அசோக்குமார் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த சரண்யாதேவி மவுஸைத் தன் பக்கம் இழுத்தாள். சேர்ந்து எட்டு மாதமாகியும் கேட்டால் மட்டும் பேசுகிறவள். ஏழாவது புள்ளியை மட்டும் பெரிதாக்கிக் காட்டினாள். வயல் நடுவே ஒரு சதுரம், தண்ணீர்த் தொட்டி மாதிரி. இரண்டு படத்திலும் அச்சு அசலாக இருந்தது.

நில அளவைக் குறிப்பில் வயல்காரர் கண்ணுச்சாமியின் எண் இருந்தது. அசோக்குமார் அவரிடம் தொட்டியைப் பற்றி விசாரித்தார்.

"எங்க வயல்ல ஏது தம்பி தொட்டி? அது ஆட்டுக்கிடை. எருவுக்காக அடைச்சிருந்தோம்."

"எம்புட்டு நாளா அங்கனயே கெடக்கு?"

கண்ணுச்சாமி சிரித்துவிட்டார். "ரெண்டு ராத்திரிக்கு மேல ஒரே எடத்துல கெடந்தா வயலு முழுக்க எரு எப்பிடி விழும்? நகத்திக்கிட்டே போவோம்ல."

முதல் படத்துக்குப் பிறகு மேகம் மறைத்ததால் அடுத்ததை ஆறு நாள் கழித்துத்தான் எடுத்திருந்தார்கள். அதற்குள் கிடை பக்கத்து வரப்பு வரை நகர்ந்திருந்தது.

சரண்யாதேவி ஏழாவது புள்ளியை அழித்துவிட்டு மறுபடி கணக்கை ஓட்டினாள். நாற்பது நிமிடத்தில் கரை வயலுக்கு மேலே எழுந்து வளைந்து நின்றது. மடைகூடத் தனியாகத் தெரிந்தது. அசோக்குமார் டீ சொல்லிவிட்டார்.

"தப்பிச்சோம். ஆனா திவ்யாவ இனிமே புள்ளி வைக்க விடக் கூடாது. ஆட்டுக்கும் தொட்டிக்கும் வித்தியாசம் தெரியல."

சரண்யாதேவி எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் தடுமாறாமல் வந்தது.

"அண்ணே, ஏழாவது புள்ளி திவ்யாக்கா வச்சது இல்ல. அவங்க கெளம்புன பெறகு அவங்க கம்ப்யூட்டர்ல ஒக்காந்து நான்தான் வச்சேன்."