ஆறு மணித் தண்ணீர்

1921ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சோர்மே ஏரியில் தண்ணீர் குறையவில்லை. ஏரிக்குள் நின்ற கோட்டை இறங்கியது. ஏப்ரலுக்குப் பிறகு மழை இல்லை. கோதுமை முழங்கால் உயரத்திலேயே காய்ந்தது. ரொட்டி கிலோ ஒரு ஃபிராங்கைத் தாண்டியது. ஆனாலும் ஏரிக்கரையில் நட்டிருந்த அளவுகோல் வசந்தத்தில் காட்டிய அதே எண்ணைக் காட்டியது. கோட்டையின் படகுத்துறைக்குப் பன்னிரண்டு படிகள். திங்கட்கிழமை பன்னிரண்டும் தெரிந்தன. புதன்கிழமை எட்டுதான் தெரிந்தன. கோட்டைக்குச் சொந்தக்காரரான பிரபு பாலத்தில் நின்று எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு காலைச் சாப்பாட்டுக்குப் போனார்.

கணக்கைக் கண்டுபிடித்தவள் ஏழாம் மதகின் காவல்காரி ஓர்தான்ஸ். கால்வாய் மேட்டைத் தாண்டும் இடத்தில் அவள் மதகு இருந்தது. படகு தொட்டிக்குள் வரும், அவள் கதவுகளை மூடுவாள், தொட்டித் தண்ணீரைக் கீழே விடுவாள், படகு தண்ணீரோடு இறங்கும். அடுத்த படகுக்குத் தொட்டியை மறுபடி நிரப்ப ஏரியிலிருந்து தண்ணீர் வர வேண்டும். கணவன் 1916இல் போரில் இறந்தபோது மதகையும் அதை ஒட்டிய வீட்டையும் அவளுக்கே விட்டார்கள். ஒருநாள் அவள் ஒவ்வொரு தொட்டியைத் திறக்கும்போதும் கோட்டைச் சுவரைப் பார்த்தாள். ஒரு தொட்டித் தண்ணீருக்குக் கோட்டை ஒரு விரற்கடை இறங்கியது. அன்று இருபது படகுகள் போயின. இருபது விரற்கடை.

கோட்டைச் சமையல்கட்டில் அவள் மகள் லெயோனி வேலை செய்தாள். வயது பத்தொன்பது. இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தண்ணீருக்குக் கதவு திறந்துவிட்டே கிழவியாக மாட்டேன் என்று சொல்லி லெயோனி கிளம்பினாள். அப்படியானால் இந்த மதகில் கால் வைக்காதே என்று ஓர்தான்ஸ் சொன்னாள். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி தண்ணீர் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தது. பிரபுவும் மற்ற வேலைக்காரர்களும் மாடி ஜன்னல் வழியாகப் படகில் இறங்கிப் பாதிரியார் வீட்டுக்குப் போனார்கள். சமையல்கட்டின் ஓக் கதவு மட்டும் ஊறி இறுகிவிட்டது. லெயோனி அதற்குப் பின்னால் இருந்தாள். கதவு இறுகியதால் தண்ணீர் உள்ளே போகவில்லை. இறுகியதால் அவளும் வெளியே வரவில்லை. உடைத்தால் ஏரி உள்ளே போகும் என்று தச்சன் சொன்னான். அடுப்பின் புகைபோக்கி கூரையைத் தாண்டி உயர்ந்து நின்றது. ஆள் ஏறும் அகலம் அதற்கு இல்லை. காற்றும் குரலும் போய்வந்தன.

ஓர்தான்ஸ் படகை வலித்துப் போய்க் கூரைமேல் ஏறினாள். புகைபோக்கியின் வாயில் குனிந்தாள்.

“ஏன்டி, இருக்கியா?”

“வேற எங்க போவேன்?”

“சாப்பிட்டியா?”

“சமையல்கட்டுல இருக்கிறவகிட்டக் கேக்கிற கேள்வியா இது?”

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசியது இவ்வளவுதான். மாவு இருந்தது, பன்றித்தொடைகள் தொங்கின, கிணறு உள்ளேயே இருந்தது, விறகு அடுத்த வசந்தம் வரை வரும். இல்லாதது உப்பு. ஓர்தான்ஸ் மறுநாள் கயிற்றில் கட்டி இறக்கினாள். பிரபுவும் தினமும் காலையில் படகில் வந்து அன்றைய சாப்பாட்டைப் புகைபோக்கிக்குள் சொன்னார். லெயோனி அடுப்பை அணைத்துவிட்டு, சமைத்ததைத் தூக்குவாளியில் கட்டி அனுப்பினாள். ஒரு வியாழக்கிழமை அவர் வாத்து கேட்டார்.

“வாத்து உங்களைச் சுத்தித்தான் நீந்துது, பிரபு. பிடிச்சு உள்ளே போடுங்க. இல்லேன்னா வெங்காய சூப்புதான்.”

அவர் சூப்பை வாங்கிக்கொண்டார்.

படகுகளை நிறுத்தச் சொல்லி ஓர்தான்ஸ் கால்வாய் அலுவலகத்துக்கு எழுதினாள். பதினொரு நாளில் பதில் வந்தது. அளவுகோலின்படி ஏரி நிறைந்திருக்கிறது. தனியார் கட்டடங்களின் உயரம் அலுவலகத்தின் பொறுப்பில் வராது. மதகை மூடினால் வேலையும் வீடும் போகும். அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். தொட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு முறை திறந்ததும் கூரைப் பக்கம் பார்த்தாள். முதல் மாடி போயிற்று, இரண்டாம் மாடி போயிற்று, செப்டம்பர் நடுவில் கூரையின் ஓடுகள் போயின. புகைபோக்கி மட்டும் ஏரியின் நடுவே நின்று புகைந்தது. அது ஒரு விரற்கடை மிச்சம் இருந்த காலையில் ஓர்தான்ஸ் கதவுகளை மூடி, மேல் கதவின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மதியத்துக்குள் மேலேயும் கீழேயும் நாற்பது படகுகள் சேர்ந்தன. படகுக்காரர்களின் சார்பாக ஃபிர்மான் வந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

“அக்கா, என் படகுல நூத்தம்பது டன் கோதுமை. சூடேறுது. கையை உள்ளே விட்டா சுடுது.”

“ஒரு விரல்தான் இருக்கு ஃபிர்மான்.”

“எல்லாரும் ஒரு விரல்னுதான் சொல்வாங்க.”

“போய்ப் பாத்துட்டு வா. என்னைத் தள்ளிவிட்டுட்டு நீயே திறந்துக்க.”

அவன் போனான். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினான். அவன் தொப்பியில் கரி ஒட்டியிருந்தது.

“நாளைக்கும் ஒருத்தனும் நகர மாட்டான்” என்று மற்றவர்களிடம் சொன்னான். “அந்தப் பொண்ணு என்னையே திட்டுது. காத்தை மறைச்சுக்கிட்டு நிக்காதடா தடியான்னு.”

அவர்கள் சிரித்தார்கள். படகு இழுக்கும் குதிரைகளை அவிழ்த்துக் கரையில் மேயவிட்டார்கள். ஓர்தான்ஸ் மேல் கதவிலிருந்து இறங்கினாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஃபிர்மானின் மனைவி அதேல் அவளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தாள்.

அந்தக் கால்வாயில் எல்லா மதகிலும் ஒரு வழக்கம் இருந்தது. மாலை ஆறு மணிக்குக் கோவில் மணி அடிக்கும்போது, கீழே கட்டியிருக்கும் படகுகள் தரைதட்டாமல் இருக்க, ஒரு தொட்டித் தண்ணீரை வெறுமனே கீழே விடுவார்கள். படகு இருக்காது, தண்ணீர் மட்டும் போகும். யாரும் சொல்லத் தேவையில்லை. ஓர்தான்ஸ் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தொரு வருடம் ஒரு மாலைகூடத் தவறாமல் விட்டிருந்தாள். கணவன் இறந்த செய்தி ஐந்தரை மணிக்கு வந்தது. ஆறு மணிக்கு அவள் தண்ணீர் விட்டாள்.

அன்று மணி அடித்தது. மகளுக்கு அடுத்து எப்போது உப்பு இறக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே அவள் எழுந்து நடந்தாள். கைகள் சுழல்கைப்பிடியைப் பிடித்தன, சுற்றின. ஃபிர்மான் கத்தியபோது தொட்டி பாதி காலியாகியிருந்தது. அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் சுற்றினாள். அது எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

ஏரியில் புகை இல்லை. புகைபோக்கியின் விளிம்பு அரை விரற்கடை தெரிந்தது. காற்று சின்ன அலையைத் தள்ளும்போதெல்லாம் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. ஓர்தான்ஸ் படகைத் தள்ளியே நிறுத்தினாள், துடுப்பு அலை எழுப்பிவிடும் என்று. கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

“அடுப்பு அணைஞ்சிருச்சு” என்றது குரல். பிறகு, “அம்மா, நீயா?”

“நான்தான்.”

“ஆறு மணியா?”

“ஆறு மணி.”

“சரி” என்றாள் லெயோனி. அந்த மணியைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

தச்சன் பீப்பாய்ப் பலகைகளை வளையமாகக் கட்டி, தார் பூசி, புகைபோக்கியைச் சுற்றி நீரில் மிதக்கவிட்டான். அலைகள் அதில் முட்டித் திரும்பின. அதைவிட வேறு எதுவும் அங்கே செய்ய முடியவில்லை. போன தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் சொன்னவள் அதேல். யாரும் சிரிக்கவில்லை. நாற்பது படகின் ஆட்களும் ஊர்க்காரர்களும் கீழ்க்கால்வாயிலிருந்து மேல்கால்வாய் வரை வரிசையாக நின்றார்கள். வாளி, பால்கேன், மாவு பிசையும் தொட்டி, பாதிரியாரின் குளியல் தொட்டி. பிரபு கையுறை போட்டுக்கொண்டு பதினாலாவது ஆளாக நின்றார். ஃபிர்மான் வாளிகளை எண்ணினான், இருபதாயிரத்தில் விட்டுவிட்டான். மறுநாள் மதியம் பாதித் தொட்டி மேலே சேர்ந்தது. புகைபோக்கி அரை விரற்கடை உயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து புகை வந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை என்று பிரபு சொன்னார்.

அதன் பிறகு மழை வரும்வரை ஒரு படகும் நகரவில்லை. நாற்பது படகுக் கோதுமையில் ஒன்பது கெட்டது. அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அவற்றைத் தபால்காரனே படித்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு ஓர்தான்ஸ் இரு கைகளையும் நீட்டினாள். அதேல் பாத்திரம் துடைக்கும் துணியால் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டினாள். மணி நின்றபின் அவிழ்த்தாள்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி மழை பெய்தது. ஏரி உயரவில்லை. கோட்டை உயர்ந்தது. கூரை வந்தது, இரண்டாம் மாடி வந்தது, கிறிஸ்துமஸுக்கு முதல் மாடி ஜன்னல்களில் பாசி தொங்கியது. பிப்ரவரி பதினாறாம் தேதி சமையல்கட்டின் கதவு தண்ணீருக்கு மேலே நின்றது. இரண்டு நாள் காய்ந்தபின் அது தானாகத் திறந்தது. லெயோனி வெளியே வந்தாள். வெளிச்சத்தில் கண்களைச் சுருக்கிக்கொண்டு, சம்பளப் பாக்கி பற்றிப் பிரபுவிடம் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு கரையோரமாக நடந்து மதகுக்கு வந்தாள். ஓர்தான்ஸ் வாசலில் கைகளை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். மழைக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்ட அதேல் துணியோடு நின்றாள். மணி அடிக்கத் தொடங்கியது. லெயோனி துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். மணி நிற்கும்வரை வைத்திருந்தாள்.

கரையில் இருந்த அளவுகோலை 1923இல் பிடுங்கிவிட்டார்கள். இப்போது கோட்டைச் சுவரில் எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஏரிக்காவலன் தினமும் அதைப் படித்து அலுவலகத்துக்கு அனுப்புகிறான். அலுவலகம் பெற்றுக்கொண்டதாகப் பதில் போடுகிறது. 1934 வறட்சியில் நாலு படி மட்டும் தெரியும்வரை கோட்டை இறங்கியது, அதற்குமேல் இறங்க விடவில்லை. பன்னிரண்டு படிக்குக் கீழே மேலும் படிகள் இருந்தன என்பது கோட்டை அளவுக்கு மீறி உயர்ந்த ஒரு மழைக்காலத்தில்தான் தெரிந்தது. ஓர்தான்ஸ் 1938இல் இறந்தாள். மதகை லெயோனி எடுத்துக்கொண்டாள். மாலையில் அவள் வெறும் தண்ணீர் விடுவதில்லை, கீழே படகுகள் கொஞ்சம் தரைதட்டினாலும் படகுக்காரர்கள் கேட்பதில்லை. ஆறு மணிக்கு மணி அடிக்கும்போது அவள் செய்கிற வேலையை விட்டுவிட்டு, கதவருகில் நின்று, ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொள்வாள்.