எட்டாம் நம்பர் கச்சேரி

ஜீவானந்தத்துக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் உயிர். ஒன்று, ஆறு வயது மகள் பூஜா. இன்னொன்று, அவன் பிறப்பதற்குப் பதினாலு வருஷம் முன்னால், 1972இல், இங்கிலாந்தில் ஐந்து நீளமுடிக்காரர்கள் சேர்ந்து போட்ட ஒரு ராக் இசைத்தட்டு. பெயர் 'தி லாக் கீப்பர்'. மதகுக்காவலன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, அந்தப் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, மொத்தம் நாற்பத்து மூன்று நிமிஷம். கல்லூரி விடுதியில் யாரோ கொடுத்த ஹார்ட் டிஸ்கில், சினிமாப் படங்களுக்கு நடுவே அது கிடந்தது. அன்றைக்குப் பிடித்தது, விடவே இல்லை.

பாட்டுக்குள்ளே ஒரு கதை. ஆற்றோரம் ஓர் ஊர், மதகடியில் ஒரு காவலன். தண்ணீர் ஏறும்போதெல்லாம் அவன் கொம்பு ஊதுவான். ஒன்பதே ஸ்வரம். ஊர் போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓடும். நாளாக ஆக ஊருக்குச் சலித்துவிட்டது. கொம்பு ஊதினால் சிரிக்க ஆரம்பித்தார்கள், அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவன் ஊதுவதை நிறுத்திவிட்டான். வெள்ளம் வந்தது. இதற்கு மேலும் கதை உண்டு. ஆனால் அதற்குள் கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பதால் ஜீவானந்தம் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் மஞ்சுளாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினான். பதினோரு நிமிஷம் வாத்தியம் மட்டுமே வாசித்தார்கள். "பாட ஆரம்பிச்சதும் கூப்புடு, குக்கர் வச்சிட்டு வரேன்" என்று போனவள் திரும்பவே இல்லை.

வல்லம் வடகாலில் கார் சீட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவன் லைன் எஞ்சினியர். அந்த லைனில் பன்னிரண்டு ஸ்டேஷன். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு கயிறு ஓடும். வேலையில் ஏதாவது கோளாறு தெரிந்தால் ஆபரேட்டர் கயிற்றை இழுக்கவேண்டும். மஞ்சள் விளக்கு எரியும், கூடம் முழுக்க ஒரு மெட்டு ஒலிக்கும், லைன் லீடர் ஓடி வருவார். எழுபது நொடிக்குள் சரியானால் தப்பித்தது. இல்லாவிட்டால் லைன் நிற்கும். கயிறு இழுப்பது தப்பே இல்லை, இழுக்காததுதான் தப்பு என்று சுவரில் பெரிதாக எழுதியே மாட்டியிருந்தார்கள்.

போன வருஷம் பழைய ஒலிப்பெட்டி செத்துப்போய்ப் புதிது வந்தது. அதில் எந்த மெட்டையும் ஏற்றலாம். ஏற்றுகிற வேலை ஜீவானந்தத்திடம் வந்தது. அவன் வேறு எதை ஏற்றுவான்? மதகுக்காவலனின் ஒன்பது ஸ்வரத்தை வெட்டி எடுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். யாராவது, "சார், இது இன்னா மியூசிக்?" என்று கேட்கமாட்டார்களா என்று எட்டு மாதம் காத்திருந்தான். ஒருவரும் கேட்கவில்லை.

அப்போதுதான் தங்கமாரி எட்டாம் நம்பர் ஸ்டேஷனுக்கு வந்தாள். சங்கரன்கோவில் பக்கம். பத்தொன்பது வயது டிரெயினி, படப்பையில் ஹாஸ்டல். சீட் பெல்ட்டின் பூட்டை போல்ட் போட்டு இறுக்குவது அவள் வேலை. இறுக்கும் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் பச்சை விளக்குக் காட்டும். ஆனால் சில போல்ட், நட்டின் மரையில் ஒழுங்காக உட்காராமல் கோணலாக ஏறுவது அவள் கைக்குத் தெரிந்தது. தெரிந்தபோதெல்லாம் இழுத்தாள். ஒரு நாளைக்கு ஏழு தடவை, ஒன்பது தடவை. லைன் லீடர் கோதண்டராமன் ஓடி வந்து பார்ப்பார். துப்பாக்கி பச்சை காட்டியிருக்கும். கழற்றி மறுபடி போட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, ஓட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்.

"இன்னா சார், எட்டாம் நம்பரு இன்னைக்கும் ஊதிக்கினே கீது" என்றார் ஜீவானந்தத்திடம்.

பெட்டியில் வந்த நட்டுகளை ஒரு தடவை எடுத்துப் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஜீவானந்தத்துக்கு அது தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியதெல்லாம், ஆகா, கடைசியில் ஊரே நம் மெட்டைக் கேட்கிறது என்பதுதான். மறுநாள் ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நிற்கும் காலைக் கூட்டத்தில், நேற்றைய கணக்கை வாசிக்கும்போது அவன் சொன்னான்: "எட்டாம் நம்பர்ல நேத்து பதினோரு கச்சேரி."

நாற்பது பேர் சிரித்தார்கள். தங்கமாரியும் சேர்ந்து சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

அன்றிலிருந்து அவள் பெயர் கச்சேரி. அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டில் யாராவது அந்த ஒன்பது ஸ்வரத்தையும் விசிலடிப்பார்கள். கேன்டீனில் தட்டு கழுவும்போது அடிப்பார்கள். ஜீவானந்தத்துக்குப் புல்லரித்தது. வல்லம் வடகாலில், சாம்பார் வாடைக்கு நடுவே, 1972ஆம் வருஷத்து மெட்டைப் பையன்கள் சுருதி பிசகாமல் விசிலடிக்கிறார்கள். போனில் படம் பிடித்து, பழைய ராக் ரசிகர்களின் முகநூல் குழுவில் போட்டான். எங்கெங்கோ இருந்த வெள்ளைக்காரக் கிழவர்களெல்லாம் இதயம் இதயமாகப் போட்டார்கள். அன்று அவன் காலை ஷிஃப்ட் முடிந்து வீடு போய்ச் சேரும்வரை அந்தப் படத்தை நாலைந்து தடவை பார்த்தான்.

ஒரு திங்கட்கிழமையிலிருந்து கயிறு இழுபடவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. அந்த வாரம் முழுக்க எட்டாம் நம்பரில் மஞ்சள் விளக்கே எரியவில்லை. வெட்கமில்லாமல் சொன்னால், ஜீவானந்தத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்தப் பக்கம் போனபோது கேட்டான்.

"இன்னாம்மா, கச்சேரியே காணோம்?"

தங்கமாரி துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பழகிட்டு சார்" என்றாள்.

"அப்படித்தான். கை பழகினா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவன் நகர்ந்தான்.

இரண்டு வாரம் கழித்து, சீட் வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பெல்ட் பூட்டைப் பிடித்து இழுத்தால் ஆடுகிறது. ஒன்றல்ல இரண்டல்ல, இரண்டு வாரச் சரக்கு முழுக்க நிறுத்திவைக்கப்பட்டது. அப்புறம்தான் நட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். ஒரு லாட் முழுக்க மரை சரியில்லை. மரை கெட்ட நட்டு எதுவானாலும் துப்பாக்கிக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். அந்தக் கை எட்டாம் நம்பரில் இருந்தது.

பிளான்ட் மேனேஜர் ஏசுவடியான் அறையில் விசாரணை. அவர் கத்துகிற மனிதர் அல்ல. மேசைக்கு எதிரே தங்கமாரி நின்றாள், பக்கத்து நாற்காலியில் ஜீவானந்தம்.

"உனக்குக் கோணலா ஏறுறது தெரிஞ்சுதாம்மா?" என்றார் ஏசுவடியான்.

"தெரிஞ்சுது சார்."

"முன்னால இழுத்திருக்க. ரெக்கார்டு இருக்கு. அப்புறம் ஏன் இழுக்கல?"

அவள் சுடிதார் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள். "இழுத்தா எல்லாரும் சிரிக்காவ சார்."

"யாரு சிரிச்சா?"

அவள் துப்பட்டாவை இன்னொரு சுற்று சுற்றினாள். ஜீவானந்தத்தின் பக்கம் திரும்பவில்லை. ஏசுவடியான் அவனைப் பார்த்தார்.

"லைன்ல அந்த மாதிரி எதாவது நடக்குதா, ஜீவா?"

ஒரு வாக்கியம் போதும். பேர் வைத்தது நான்தான் சார். அவ்வளவுதான். அது தொண்டைவரை வந்தது. வருஷக் கடைசியில் வரவேண்டிய பதவி உயர்வும், நாற்பது பேர் முன்னால் தலைகுனிந்து நிற்கப்போகும் காலைக் கூட்டமும் சேர்ந்து அதை அங்கேயே அமுக்கின.

"அப்படி ஒண்ணும் இல்ல சார்" என்றான்.

தங்கமாரி அப்போதுதான் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. எதிர்பார்த்த ஒன்று சரியாக நடந்துவிட்டது போலப் பார்த்தாள். சாயங்காலமே, அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட ஏஜென்சிக்காரர் அவளிடம், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டில் ஜீவானந்தம் முகநூல் படத்தை மறுபடி பார்த்தான். இருபத்து இரண்டு நொடி. தட்டு கழுவும் பையன்கள், விசில், சிரிப்பு. பதினாறாவது நொடியில் படத்தின் ஓரமாக ஒரு பெண் தட்டோடு வருகிறாள், விசில் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, கழுவாமலே தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். எத்தனை தடவை பார்த்திருப்பான், அவளை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. படத்தை அழித்தான். அழித்ததும் மனசு லேசாகும் என்று நினைத்தது, அந்தப் படத்தைப் போட்டதைவிடக் கேவலமாக இருந்தது.

மறுநாள் அவனுக்கு இரண்டாவது ஷிஃப்ட். பதினொரு மணிக்குப் படப்பைக்கு வண்டியை விட்டான். ஹாஸ்டலில் விசாரித்தபோது, பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள் என்றார்கள். ஒரு பை, ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் சுருட்டிய போர்வை. ஷேர் ஆட்டோக்களின் இரைச்சலுக்கு நடுவே தங்கமாரி நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், "குட் மார்னிங் சார்" என்றாள்.

வழியெல்லாம் தயார் செய்து வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "ஊருக்கா?" என்றான்.

"ஆமா சார். தாம்பரம் போயி, அங்க இருந்து பஸ்."

அவள் வாளியைக் காலுக்கு அருகே நகர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு அவளே கேட்டாள். "அது என்ன பாட்டு சார்? கயிறு இழுத்தா வருமே. முத நாள் கேட்டப்போ எனக்குப் பிடிச்சிது. எங்க ஊர்க் கோயில் கொடைல கொம்பு ஊதுவாவ, அந்தமாரி இருந்துச்சு."

எட்டு மாதம் அவன் காத்திருந்த கேள்வி. கேட்டது அவள். தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். நேற்று ஒரு பொய் சொன்னது போதும் என்று தோன்றியது. கதையைச் சொன்னான். ஆறு, மதகு, கொம்பு, சிரிப்பு, பட்டப்பெயர். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"ஊதுறத நிறுத்திட்டானா?" என்றாள்.

"நிறுத்திட்டான்."

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் பழிய யாரு மேல போட்டாவ?"

அவன் யாருக்கும் சொல்லாத பகுதி அது. கடைசி ஏழு நிமிஷம். ஊர் ஜனம் மேட்டில் கூடி நின்று விசாரிக்கும். உனக்குத் தண்ணீர் ஏறியது தெரியுமா, தெரிந்தும் ஏன் ஊதவில்லை என்று மாறி மாறிக் கேட்கும். பதினாறு வருஷமாக அந்த இடத்தில் வரும் டிரம்ஸ் வாசிப்புக்காகவே அவன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான்.

"அவன் மேலதான்" என்றான்.

தங்கமாரி தலையாட்டினாள். "அவ்ளோ பெரிய பாட்டுல, அவனுக்காகப் பேச ஒரு ஆளு கூடவா இல்ல?"

"இல்லம்மா."

தாம்பரம் பஸ் வந்து நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். வாளியை அவன் எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு, "வாரேன் சார்" என்றாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்று, சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தான்.

அதற்குள் கண்டக்டர் விசிலடித்தார். கிளம்பலாம் என்று டிரைவருக்கு அடிக்கிற சாதாரண விசில்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கமாரி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.