ஒன்றரை மணிக்கு உறுதிமொழி

"கையைத் தூக்கு," என்றாள் அக்கா.

தம்பி பெண்டாட்டி தூக்கவில்லை. அக்காவே தூக்கிச் சட்டைக்குள் நுழைத்து, பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துக்கு வந்தபோதுதான் ஒன்று தப்பிப்போயிருப்பது தெரிந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து. மணி பதினொன்று ஐந்து. இன்னும் தலை வாரவில்லை, ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. ஒன்றரைக்கு நகரத்தின் அந்தக் கோடியில் குடியுரிமை அலுவலகத்தில் நிற்க வேண்டும். அடுத்த அறைக் கட்டிலில் தம்பி செத்துக் கிடந்தான்.

காலை எட்டரைக்குப் போய்விட்டான். எட்டு மாதமாக இதயம் வீங்கிப் படுத்திருந்தவன். டாக்டர் வைத்த கெடுவைத் தாண்டியும் நாற்பது நாள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு நாளுக்காகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாவி, ஐந்து மணி நேரம் முன்னால் கையை விட்டுவிட்டான். அக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். தம்பி இந்த நாட்டுக் குடிமகன், லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி என்ற முறையில்தான் அவள் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்த வழியில் போகிறவளுக்கு, உறுதிமொழி வாசித்து முடிக்கிற நிமிஷம் வரை புருஷன் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். அவளுடைய தங்கும் அனுமதியோ இன்னும் நாலே மாதம். அதற்கப்புறம் பதினொரு வருஷம் முன்னால் விட்டுவந்த ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்கே அவளை வா என்று சொல்ல ஒரு நாதி கிடையாது.

இதெல்லாம் அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். துணி திருத்துகிற கடையில் தையல் வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வாசலில் ஆள் நிற்கும். எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பாள். ஃபாரம் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். ஊருக்கெல்லாம் நிரப்பியவளுக்குச் சொந்தத் தம்பி வீட்டு விண்ணப்பம்தான் சிக்கியது. கல்யாணம் நிஜமா பொய்யா என்று பார்க்க, புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனி அறையில் வைத்துக் கேட்டார்கள். குளியலறைத் துவாலை என்ன நிறம்? அவள் நீலம் என்றாள். அவன் பச்சை என்றான். லிஃப்டுக்குள் நூறு ஒயரை நிறம் பார்த்துப் பிரிக்கிறவனுக்கு வீட்டுத் துவாலை தெரியவில்லை. அந்தத் துவாலையால் போனது ஒன்றரை வருஷம். மறுபடி கூப்பிட்டபோது எப்படியோ அதிகாரியைச் சிரிக்க வைத்துச் சரிக்கட்டிவிட்டு வந்தான். அந்தத் துவாலையை நினைத்தால் அக்காவுக்கு இப்போதும் வயிறு எரிந்தது.

"அண்ணி," என்றாள் தம்பி பெண்டாட்டி. "டாக்டரைக் கூப்பிட வேண்டாமா?"

இவளுக்குத் தம்பி வைத்த பெயர் வாயாடி. நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், அதனால் வைத்தான்.

"வந்து கூப்பிடலாம். டாக்டர் வந்து எழுதினாத்தான் அது..." அக்கா சொல்லை விழுங்கினாள். "எழுதாத வரைக்கும் ஒண்ணும் ஆகல. புரியுதா? ஒன்றரைக்கு முன்னாடி ஆச்சுன்னு ஒரு காகிதம் இருந்தாப் போதும், இன்னைக்கு இல்லாட்டி பத்து வருஷம் கழிச்சுக்கூடக் குடுத்ததைப் பிடுங்கிடுவாங்க."

"அவரைத் தனியா விட்டுட்டு எப்படி..."

"காலைல என்ன சொன்னான்? உன் காதுல விழுந்துச்சா இல்லையா?"

விழுந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மணி கேட்டான். எட்டரை என்றாள். "கிளம்பு," என்றான். அவ்வளவுதான்.

தம்பியோடு வேலை பார்த்தவன், அவன் ஸ்பேனர் என்று பெயர் வைத்த கூட்டாளி, சேதி கேட்டவுடன் வேலை உடுப்போடு ஓடிவந்து, கட்டில் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆள் மலை மாதிரி. அழுகையை அடக்க முடியாமல் முக்காலியே ஆடியது.

"யாராவது வந்தா தூங்குறான்னு சொல்லு," என்றாள் அக்கா.

"பொய் எனக்கு வராதுக்கா. கதவைத் திறக்காம இருந்துடறேன்."

டாக்ஸியில் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிக்னலில் நின்றால் ஓட்டுநரை முறைத்தாள், ஓடினால் கடிகாரத்தை முறைத்தாள். "உள்ள நுழையறப்ப ஒரு தாள் தருவாங்க. அஞ்சு கேள்வி. அஞ்சுக்கும் இல்லைன்னு டிக் பண்ணிடு. படிச்சுப் பாத்துட்டு நிக்காத." வாயாடி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். காலையில் அவன் கையைப் பிடித்திருந்தபடியே அவள் வலது கை மடியில் பாதி மூடிக் கிடந்தது. அக்கா அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

ஒன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மேசையில் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு அம்மாள் தாளை நீட்டினாள். நேர்காணலுக்குப் பிறகு வெளிநாடு சென்றீர்களா? இல்லை. இரண்டாவது கேள்வி: நேர்காணலுக்குப் பிறகு திருமணம், மணவிலக்கு, கணவர் அல்லது மனைவியின் மரணம், இவற்றில் ஏதேனும் நிகழ்ந்ததா? பேனா நின்றுவிட்டது. பின்னால் வரிசை நகர்ந்து வந்து அக்காவின் முதுகில் இடித்தது.

அந்த அம்மாள் கோப்பைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். "கணவர் வரலையா? துவாலைக்காரர்தானே? அன்னைக்கு என்னைச் சிரிக்க வச்சே கொன்னுட்டார்."

வாயாடி திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"உடம்பு முடியல," என்றாள் அக்கா. "வீட்ல படுத்திருக்கான்."

எவ்வளவு சுலபமாக வந்தது. சொன்ன அந்த நொடிக்கு அவள் மனசில் அவன் உயிரோடு படுத்துத்தான் இருந்தான். தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு, இவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று ஸ்பேனரை நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"நான் விசாரிச்சதா சொல்லுங்க."

"சொல்றேன்."

வாயாடி டிக் பண்ணினாள். ஐந்துக்கும்.

மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர் எழுந்து நின்று வலது கையைத் தூக்கினார்கள். அக்கா பார்வையாளர் பக்கம் உட்காராமல் சுவரோரம் நடந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து வாயாடியின் முதுகுதான் தெரிந்தது. உதடு அசைகிறதா இல்லையா, தெரியவில்லை. இரண்டு பத்துக்கு எல்லாம் முடிந்தது. ஒரு குடும்பம் அக்காவிடம் செல்போனைக் கொடுத்து எங்களை ஒரு படம் எடுங்கள் என்றது. எடுத்தாள். அவசரத்தில் பாதிப் பேர் தலை படத்தில் விழவில்லை. இன்னொன்று எடுத்தாள்.

திரும்பும்போதே மணியை முடிவு செய்துவிட்டாள். உடம்பு ஆறிப்போயிருக்கும். அதனால் எவ்வளவு முன்னால் தள்ளலாமோ அவ்வளவு தள்ள வேண்டும். ஆனால் இரண்டு பத்துக்கு முன்னால் போகக்கூடாது. இரண்டேகால்.

மூன்று மணிக்கு வீடு, மூன்றேகாலுக்கு டாக்டருக்கு போன், நாலு மணிக்கு அவரே வந்தார். எட்டு மாதமாக வந்து போகிறவர். தம்பியின் கையைத் தூக்கிப் பார்த்தார். முழங்கை மடங்கவில்லை. தாடையைத் தொட்டார், அதுவும் விறைத்திருந்தது. மேசைமேல் கிடந்த குடியுரிமைச் சான்றிதழின் புதிய உறையைப் பார்த்தார். இந்த உறுதிமொழித் தேதியைத் தம்பி அவரிடமும் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் இருந்தான்.

"எப்ப ஆச்சு?"

"ரெண்டேகால்," என்றாள் அக்கா.

டாக்டர் மூச்சு விட்டார். "சரி," என்றார். பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தார். தெரிந்தும் மேலே கேட்கவில்லை, மனுஷன் நல்லவர். அக்காவுக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

"பக்கத்துல யாரு இருந்தது?"

"இவன்தான்." அக்கா ஸ்பேனரைக் காட்டினாள். ஸ்பேனர் தரையைப் பார்த்தான்.

"அப்ப சம்சாரம் இல்ல."

"இல்ல. நாங்க வழியில இருந்தோம்."

"இருந்தேன்," என்றாள் வாயாடி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எட்டரை மணி. அவர் கை என் கையிலதான் இருந்துச்சு."

"என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா?" அக்காவுக்குக் குரல் கீச்சிட்டது. "காலைலேர்ந்து நாயா ஓடினது எதுக்கு?"

"தெரியும் அண்ணி. அவர் என் புருஷன்தான்னு இத்தனை வருஷம் அந்த ஆபீஸுக்கு எழுதிக் குடுத்தேன். இன்னைக்கு நீங்க சொன்னபடியும் டிக் பண்ணேன். என்னை அனுப்பினா அனுப்பட்டும். அவர் போறப்ப நான் பக்கத்துல இல்லைன்னு மட்டும் எழுத வேண்டாம்."

அத்தனை வார்த்தை அவள் வாயிலிருந்து ஒன்றாக வந்து அந்த வீடு கேட்டதில்லை.

டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "எழுதிட்டா மாத்த முடியாதும்மா."

துக்கத்தில் உளறுகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் இரண்டேகால் என்றே எழுதிவிடுவார். அந்த வார்த்தை அக்காவின் தொண்டை வரை வந்துவிட்டது. எட்டரைக்கு அவளும் இதே அறையில்தான் நின்றிருந்தாள், அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த டம்ளரோடு. தூக்கி வளர்த்த தம்பி. அவன் போகிறபோது தானும் எங்கோ ரோட்டில் டாக்ஸிக்குள் இருந்ததாக அவளே வாயால் சொல்லியிருக்கிறாள். பாழாய்ப்போன வாய்.

"எட்டரைதான் டாக்டர்," என்றாள். "நானும் இருந்தேன்."

"ரெண்டு பேரையும் எழுதட்டுமா?"

"எழுதுங்க."

டாக்டர் குனிந்து எழுதத் தொடங்கினார். ஸ்பேனர் எழுந்து முக்காலியை நகர்த்திப் போட்டான். வாயாடி அதில் உட்கார்ந்து, தம்பியின் விறைத்த விரல்களுக்கு அடியில் தன் கையை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.